ஊடகவியலில் முதுகலை: வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

வணிகவியல் முடித்து மூன்று வருடமாக ஒரு நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொள்கிறீர்கள், இப்போது ஊடகம் மற்றும் தொடர்பியலில் முதுகலை படிக்க ஆசை, ஆனால் கையில் இருக்கும் வேலையை விடப் பயம். படித்தால் செய்தித்துறைக்குள் போக முடியுமா, கோட்பாடு கோட்பாடு என்று உயிரை எடுப்பார்களா, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று எதை வைத்து முடிவு செய்வது, இந்த மூன்றும்தான் உங்கள் கேள்வி. நான் இந்தப் படிப்பைப் படித்தவன், பிறகு சில வருடம் இதே படிப்பில் ஆய்வேடு எழுதும் மாணவர்களோடு மல்லுக்கட்டியவன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்கு விற்கிறது. ஒன்று தொழிற்பயிற்சி: செய்தி எழுதுவது, எடிட்டிங், கேமரா, ஒலி, பாட்காஸ்ட். இரண்டாவது சமூக அறிவியல்: கருத்துக்கணிப்பு, புள்ளியியல், சோதனைமுறை ஆய்வு, ஊடகம் மனிதர்களை என்ன செய்கிறது என்று அளந்து பார்ப்பது. மூன்றாவது பண்பாட்டு ஆய்வின் பக்கம் சாய்ந்தது: ஒரு சீரியலை, ஒரு விளம்பரத்தை, ஒரு மீமை எடுத்து வைத்துக்கொண்டு இதற்குள் யாருடைய அதிகாரம் வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. பட்டச் சான்றிதழில் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர்தான் இருக்கும். கேமரா பிடிக்கக் கற்கலாம் என்று போனவன் இரண்டு வருடம் ரிக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன், கணக்கே வராது என்று பயந்தவர்கள் கடைசிவரை ஒரு எண்ணைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்வதற்கு முன்னால் பாடப் பட்டியலைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பிளவு நேற்று வந்ததல்ல. 1938இல் அமெரிக்காவில் வானொலியைப் பற்றி ஆராய ஒரு பெரிய திட்டம் ஓடிக்கொண்டிருந்தது, தலைமை பால் லாசர்ஸ்ஃபெல்ட். யார் எதைக் கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்று எண்ணிக் கணக்கெடுக்கிற ஆள் அவர். ஜெர்மனியிலிருந்து வெளியேறியிருந்த தத்துவவாதி தியோடர் அடோர்னோவை இசைப் பகுதியைப் பார்த்துக்கொள்ள அழைத்தார். அடோர்னோவுக்கோ பண்பாட்டை அளந்து பார்க்கலாம் என்ற எண்ணமே ஒவ்வவில்லை, கேட்பவரின் விருப்பு வெறுப்பைப் பொத்தான் அழுத்திப் பதிவு செய்கிற கருவியைப் பார்த்து அவர் எப்படி நெளிந்திருப்பார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கொஞ்ச காலத்தில் ஒத்துழைப்பு முறிந்துவிட்டது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்கிறது என்று ஒவ்வொரு துறையின் பாடத்திட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆய்வுமுறை என்ற தலைப்பின் கீழ் புள்ளியியல் இரண்டு தாள் கட்டாயம் என்றால் லாசர்ஸ்ஃபெல்ட் வீட்டுப் பிள்ளை. கோட்பாட்டு வாசிப்பு, காட்சிப் பகுப்பாய்வு, இனவரைவியல் (மக்களோடு பழகிக் கவனித்து எழுதுவது) என்று போனால் அடோர்னோவின் சொந்தக்காரர்கள், அல்லது 1964இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ரிச்சர்ட் ஹாகார்ட் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்தின் வழிவந்தவர்கள். ஸ்டுடியோ நேரம் எத்தனை மணி என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது 1908இல் அமெரிக்காவின் மிசௌரியில் தொடங்கிய இதழியல் பள்ளியின் வழி.

அதனால் தரவரிசைப் பட்டியலை விடுங்கள். துறையின் பக்கத்தில் போய் மூன்றே மூன்று விஷயம் பாருங்கள். எந்த ஆய்வுமுறைப் பாடங்கள் கட்டாயம்? அங்கே பாடம் எடுப்பவர்கள் கடந்த மூன்று வருடத்தில் எதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்? முன்பு படித்தவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகள் என்ன? இந்த மூன்றாவதை யாருமே பார்ப்பதில்லை, ஆனால் அதுதான் பொய் சொல்லாது. விளம்பரக் கையேட்டில் டிஜிட்டல், உலகளாவிய, புதுமை என்று என்ன வேண்டுமானாலும் எழுதலாம். இருபது ஆய்வேட்டுத் தலைப்பில் பதினைந்து விளம்பரப் படங்களில் பெண்கள் சித்தரிக்கப்படும் விதம் என்றே இருந்தால், அங்கே வழிகாட்டிகள் புதிதாக எதையும் தொடுவதில்லை என்று அர்த்தம். தலைப்பு மோசமானது என்பதால் சொல்லவில்லை, எல்லோரும் போன வருடத்து ஆய்வேட்டைப் பார்த்தே எழுதுகிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

அடுத்து கோட்பாட்டுப் பயம். நியாயமான பயம்தான். முதல் செமஸ்டரில் வாரத்துக்கு எண்பது, நூறு பக்கம் வாசிக்கக் கொடுப்பார்கள், அதில் பாதி எழுதியவருக்கே புரிந்ததா என்று சந்தேகம் வரும். ஆனால் கோட்பாடு என்றதும் ஏதோ தத்துவ மூட்டை என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்ததிலிருந்து வந்தவை. 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மெக்கோம்ப்ஸ், ஷா என்ற இருவர் சாப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம் அவர்கள் படிக்கும் நாளிதழ், பார்க்கும் தொலைக்காட்சிச் செய்தி எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தது என்று எண்ணினார்கள். இரண்டு பட்டியலின் வரிசையும் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது. 1972இல் கட்டுரை வந்தது. ஊடகம் என்ன நினைக்க வேண்டும் என்று சொல்வதில் தோற்றாலும், எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்று சொல்வதில் ஜெயித்துவிடுகிறது என்று முன்பே இருந்த கருத்தை எண்ணிச் சோதிப்பதற்கு அதுதான் பிள்ளையார் சுழி.

அதே சமயம் இன்னொரு முகாமான பர்மிங்ஹாம் மையத்தில் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் வேறு மாதிரி யோசித்தார். அனுப்புகிறவர் ஒரு அர்த்தத்தை வைத்து அனுப்பலாம், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசலாம், இல்லை எதிராகவே வாசிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, நிஜத்தில் அப்படித்தான் நடக்கிறதா? டேவிட் மார்லி அதையே சோதித்துப் பார்த்தார். பிபிசியின் ஒரு அன்றாட நிகழ்ச்சியை வங்கி மேலாளர்கள், தொழிற்சங்கக்காரர்கள், பயிற்சித் தொழிலாளர்கள், மாணவர்கள் என்று பல குழுக்களுக்குப் போட்டுக் காட்டிப் பேசவிட்டார். வர்க்கத்தை வைத்து யார் எப்படி வாசிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது, பயிற்சித் தொழிலாளர்களும் வங்கி மேலாளர்களும் நிகழ்ச்சியைப் பெரும்பாலும் அதன் போக்கிலேயே ஏற்றுக்கொண்டார்கள். கறுப்பின மாணவர்கள் இருந்த குழுக்களுக்கோ அந்த நிகழ்ச்சியோடு ஒட்டுறவே இல்லை, எதிர்க்கக்கூட அக்கறை இல்லாத மௌனம். ஹாலின் மூன்று பெட்டியில் எதிலும் அது அடங்கவில்லை. இப்படி ஒரு கோட்பாடு எங்கே உடைகிறது என்று பார்க்கப் பழக்குவதுதான் நல்ல வகுப்பு. கோட்பாட்டை மனப்பாடம் செய்து தேர்வில் கக்கச் சொல்கிற இடமாக இருந்தால் போகாதீர்கள், அதை வீட்டிலிருந்தே செய்யலாம்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொன்று உண்டு. 1938இல் ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தைக் கேட்டு, செவ்வாய்க் கிரகத்தார் வந்துவிட்டார்கள் என்று நம்பி அமெரிக்காவே தெருவுக்கு ஓடிவந்தது என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். இளங்கலையில் எனக்கு ஊடகத்தின் சக்திக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்ததே இந்தக் கதைதான். முதுகலையில் அதே கதையைத் திருப்பிப் போட்டார்கள். அன்று இரவு 5,000 வீடுகளுக்குத் தொலைபேசி போட்டு என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்த கணக்கெடுப்பில் 2 சதவீதம் பேர்தான் அந்த நாடகத்தைச் சொன்னார்கள். பிறகு எப்படி நாடே பதறியது? விளம்பர வருமானத்தை வானொலியிடம் இழந்துகொண்டிருந்த நாளிதழ்களுக்கு, வானொலி பொறுப்பற்றது என்று காட்ட ஒரு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது, முதல் பக்கத்தில் போட்டுத் தாளித்துவிட்டன. பயந்தவர்கள் இருந்தார்கள்தான், ஆனால் பதறிய தேசம் பெரும்பாலும் செய்தித்தாளில்தான் இருந்தது.

கையால் செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று என் ஆய்வேட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். சாலை விபத்துச் செய்திகளில் பழி யார்மேல் விழுகிறது என்பது என் தலைப்பு. செய்திகளைச் சேகரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விடைத்தாள் மாதிரி படிவம்: தலைப்பின் எழுவாய் யார், ஓட்டுநர் குறிப்பிடப்படுகிறாரா, சாலையைப் பற்றிப் பேச்சு இருக்கிறதா, இப்படிப் பதினோரு கட்டம். நானும் ஒரு தோழியும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், பிறகு இருவர் நிரப்பியதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். முதல் நாளே முட்டிக்கொண்டது. கட்டுப்பாட்டை இழந்த லாரி மோதி இருவர் பலி என்று ஒரு தலைப்பு. எழுவாய் லாரி, அதனால் பழி வாகனத்தின் மேல் என்று நான் போட்டேன். லாரி எப்படிக் கட்டுப்பாட்டை இழக்கும், இழந்தது ஓட்டுநர், அவரைத் தூக்கி லாரிக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள், இது ஓட்டுநர் கட்டத்தில்தான் வரும் என்றாள் அவள். ஒரு மணி நேரம் வாதாடினோம். கடைசியில் புரிந்தது, தவறு எங்கள் இருவரிடமும் இல்லை, படிவத்தில் இருக்கிறது. செய்தவர் சொல்லப்படுகிறார், செய்தவர் மறைக்கப்படுகிறார் என்று கட்டத்தை இரண்டாகப் பிரித்தோம், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினோம். ஒத்துப்போதலை அளக்கக் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா என்று ஒரு எண் உண்டு, 0.80க்கு மேல் வந்தால் நிம்மதி, 0.667க்குக் கீழே போனால் அதை வைத்து எதையும் சொல்லாமல் இருப்பது நல்லது. எங்களுக்கு முதல் சுற்றில் வந்தது வெளியே சொல்ல வெட்கப்படும் எண். கட்டத்தைப் பிரித்தபிறகு ஏறியது. இரண்டு வருடத்தில் நான் கற்றதில் உருப்படியானது அந்த ஒரு மணி நேரச் சண்டையில்தான் கிடைத்தது. அதற்கப்புறம் எந்தத் தலைப்பையும் என்னால் சும்மா வாசிக்க முடியவில்லை, அது வேறு தொல்லை.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆர்வம் சமூக ஊடகத்தில் இருக்கிறது. சில வருடம் முன்புவரை ட்விட்டர் பதிவுகளை லட்சக்கணக்கில் இலவசமாக இறக்கி ஆய்வேடு எழுதலாம், அதற்கென்றே ஆய்வாளர்களுக்குத் தனி வழி வைத்திருந்தார்கள். 2023இல் அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைப் பின்தொடர உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை, அந்த இரண்டையும் நடத்தும் மெட்டா 2024 ஆகஸ்டில் மூடிவிட்டது. பாதி வழியில் இருந்த மாணவர்கள் தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே பெரிய தரவு, பெரிய பகுப்பாய்வு என்று கனவு காணும்போது, அது நாளைக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வேன் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். இருபது பேரை உட்காரவைத்து நேர்காணல் செய்வதை எந்த நிறுவனமும் பூட்ட முடியாது. ஆனால் ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் ஆகும், மென்பொருள் செய்து தந்தாலும் பேச்சுத் தமிழை அது கொத்துக்கறி ஆக்கித் தருவதைத் திருத்த உட்கார்ந்தே தீர வேண்டும்.

காலம், கட்டமைப்பு பற்றிச் சுருக்கமாக. ஐரோப்பாவில் பெரும்பாலும் இரண்டு வருடம், 120 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பிரிட்டனில் ஒரே வருடம், அவர்கள் கணக்கில் 180 கிரெடிட், ஐரோப்பியக் கணக்கில் அது 90. ஒரு வருடப் படிப்பு செலவைக் குறைக்கும், ஆனால் மூச்சு முட்டும்: வகுப்பு தொடங்கி சில மாதத்திலேயே ஆய்வேட்டுத் தலைப்பைக் கேட்பார்கள், கோடையில் எழுதி முடித்தாக வேண்டும். அமெரிக்காவில் ஆய்வேடு உண்டு, இல்லை என்று இரண்டு வழியும் வைத்திருப்பார்கள், கற்பித்தல் உதவியாளராகச் சேர்ந்தால் கட்டணம் தள்ளுபடியாகவும் வாய்ப்புண்டு. பின்னால் முனைவர் பட்டம் என்ற எண்ணம் மனதின் ஓரத்தில் இருந்தால்கூட ஆய்வேடு உள்ள வழியையே எடுங்கள். இரண்டு நாட்டில் படிக்கும் கூட்டுப் பட்டங்களும் உண்டு, எராஸ்மஸ் முண்டஸ் இதழியல் படிப்பில் முதல் வருடம் டென்மார்க்கின் ஆர்ஹூஸில், இரண்டாம் வருடம் வேறொரு நாட்டில். ஸ்காலர்ஷிப் உண்டு, போட்டியும் கடுமை.

செய்தித்துறை வேலை கிடைக்குமா? நேராகவே சொல்லிவிடுகிறேன், நிருபராக வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால் இந்தப் பட்டம் சுற்றுவழி. செய்தி ஆசிரியர் முதலில் கேட்பது என்ன எழுதியிருக்கிறாய், காட்டு என்பதுதான். அந்த இரண்டு வருடத்தில் வெளியான பத்து செய்திகள் கையில் இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். மாறாக, தொழிற்பயிற்சி வகைப் படிப்பு, அதுவும் கட்டாய இன்டர்ன்ஷிப் உள்ளது என்றால் உள்ளே நுழைய ஒரு வாசல் திறக்கும், அந்த அளவுக்கு உதவும். இந்தப் பட்டம் நிஜமாகவே வேலை செய்யும் இடங்கள் வேறு: பார்வையாளர் ஆய்வு, தொண்டு நிறுவனங்களின் தொடர்புப் பிரிவு, சுகாதாரப் பிரச்சாரங்கள், உண்மை சரிபார்ப்பு, சமூக ஊடக நிறுவனங்களில் உள்ளடக்க விதிகளை வகுக்கிற குழுக்கள், கற்பித்தல். அங்கெல்லாம் கேள்வித்தாள் தயாரிக்கத் தெரிந்தவர், நேர்காணலைத் தொகுக்கத் தெரிந்தவர், ஒரு கிராஃபைப் பார்த்து இது ஏமாற்று என்று சொல்லத் தெரிந்தவர் தேவை. நீங்கள் வணிகவியல்காரர், புள்ளியியலைப் பார்த்து வகுப்பில் பாதிப் பேர் மிரளும்போது நீங்கள் மிரள மாட்டீர்கள். வணிகவியல் படித்ததைப் பலவீனமாக நினைத்து எழுதியிருந்தீர்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

இப்போது விண்ணப்பக் கட்டுரை. சிறு வயது முதலே ஊடகத்தின் மீது எனக்குத் தீராத ஆர்வம் என்று தொடங்கும் கட்டுரையைத் தேர்வுக் குழு பாதியில் மூடிவைக்கும், அதே வரியை அன்று அவர்கள் முப்பது முறை வாசித்திருப்பார்கள். உங்களிடம் அதைவிட நல்ல தொடக்கம் இருக்கிறது, அது உங்களுக்கே தெரியவில்லை. உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் போடும் பதிவுக்குக் கீழேதான் வசவு அதிகமாக வருகிறது, ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் இரண்டு நாளில் அடங்கிவிடுகிறது, ஏன் என்றே தெரியவில்லை, என்று. அதை மறுபடி படித்துப் பாருங்கள். நெருக்கடிக் காலத் தொடர்பியல் என்று ஒரு தனிப் பிரிவே இதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது. வில்லியம் பெனாய்ட் மறுத்தல், பொறுப்பைத் தட்டிக்கழித்தல், மன்னிப்புக் கேட்டல் என்று நிறுவனங்கள் கையாளும் வழிகளை வகைப்படுத்தினார். திமோதி கூம்ஸ் எந்த நெருக்கடிக்கு எந்தப் பதில் பொருந்தும் என்று ஒரு கோட்பாடே வகுத்தார், நிறுவனத்தின் தவறு என்று மக்கள் எவ்வளவு நினைக்கிறார்களோ அந்த அளவுக்கு அது இறங்கிவர வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கணக்குப்படி உங்கள் மன்னிப்புகள் வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மன்னிப்பின் மொழியா காரணம்? வருந்துகிறோம் என்பதற்கும் தவறு செய்துவிட்டோம் என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, கட்டுப்பாட்டை இழந்த லாரி மாதிரி உங்கள் பதிவிலும் செய்தவர் காணாமல் போகிறாரா? இல்லை, மன்னிப்புப் பதிவு வரும்வரை பிரச்சினையே தெரியாதவர்களிடம் அதுவே செய்தியைக் கொண்டுசேர்க்கிறதா? திட்டுகிறவர்கள் வாடிக்கையாளர்கள்தானா, வேடிக்கை பார்க்க வந்தவர்களா?

இது ஆய்வுக் கேள்வி. இதை முதல் பத்தியில் வைத்து, எந்த ஆசிரியரின் எந்த வேலையோடு இது ஒட்டுகிறது என்று இரண்டாம் பத்தியில் எழுதினால் உங்கள் விண்ணப்பம் தனியாகத் தெரியும். அந்தக் கேள்வி உங்களை உண்மையிலேயே அரிக்கிறது என்றால் படிக்கப் போங்கள். வேலை சலித்துவிட்டது, கொஞ்சம் இடைவெளி வேண்டும் என்பது மட்டும்தான் காரணம் என்றால் ஒரு மாதம் லீவு போடுங்கள், செலவு குறைவு.

வேலையை விடுவதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் பொதுப் பக்கங்களில் இருந்து ஐம்பது மன்னிப்புப் பதிவுகளை எடுங்கள். உங்கள் அலுவலகத்துப் பதிவுகளை மட்டும் தொடாதீர்கள், பின்னால் அனுமதிச் சிக்கல் வரும். ஒரு எக்செல் தாளில் நாலே கட்டம்: யார் தவறு செய்ததாகச் சொல்லப்படுகிறது, என்ன ஈடு தருவதாகச் சொல்கிறார்கள், பதிவு எத்தனை மணி நேரம் கழித்து வந்தது, கீழே வந்த முதல் இருபது கருத்துகளில் எத்தனை வசவு. ஒரு நண்பரையும் தனியாக அதே ஐம்பதை நிரப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும். நண்பரோடு எந்தக் கட்டத்தில் சண்டை வந்தது என்று குறித்துவைத்துக்கொண்டு அப்புறம் எழுதுங்கள், மீதியை அதிலிருந்து பேசலாம்.